விலகலும் மீளலும்

துன்பம் மனிதனைப் பண்படுத்தும் என்பர். நெருப்பிலிட்ட பொன்னையும் உளிபட்ட கல்லையும் அதற்கு உவமை கூறுவர். கேட்பதற்கு இனிய உவமைகளே. ஆயினும், நம் உற்றார் உறவினரையும் அண்டை அயலாரையும் சற்றே உற்று நோக்கினால் ஐயம் எழாமற் போகாது. வாணிபத்தில் நொடித்த இருவருள் ஒருவர் பிறர் துயர் அறிந்தவராகிறார்; மற்றவரோ எவரையும் நம்பாத கல் நெஞ்சராகிறார். பிள்ளையைப் பறிகொடுத்த தாய்மாருள் ஒருத்தி அநாதைக் குழந்தைகளை அணைத்துக் கொள்கிறாள். இன்னொருத்தி பிறர் வீட்டுத் தொட்டிலைக் காணவும் பொறாதவளாகிறாள். இருவரையும் சுட்ட நெருப்பு ஒன்றே. அப்படியாயின், பண்படுத்துவது துன்பந்தானா, அன்றித் துன்பத்தினிடையே மனிதன் செய்யும் வேறொன்றா?

இக்கேள்விக்கு விடை தேடுவோர்க்கு இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் வாழ்க்கை பெரிதும் துணைபுரியும். தமக்கு நேர்ந்ததை ‘அல்முன்கித் மினள்ளலால்’ என்னும் சிறு நூலில் அவர்களே விவரித்துள்ளார்கள். தன் வரலாறு கூறும் நூல்கள் பல தன்னைப் போற்றும் நூல்களாகவே முடிவதுண்டு. இதுவோ தன்னையே விசாரணைக் கூண்டில் ஏற்றிய நூல்.

கி.பி. 1058-ஆம் ஆண்டில் தூஸ் நகரில் பிறந்த இமாமவர்கள், 1091-இல், செல்ஜூக் பேரரசின் அமைச்சர் நிஜாமுல் முல்க்கால் பக்தாது நிஜாமிய்யாவின் பேராசிரியராக நியமிக்கப் பெற்றார்கள். அப்போது அவர்களுக்கு வயது முப்பத்து மூன்றையொட்டியே இருந்தது. முந்நூறு மாணவர்கள் அவர்களிடம் பாடங் கேட்டனர். அரசவையிலும் அறிஞர் அவையிலும் அவர்களின் சொல் அம்பலமேறியது. உலகம் ‘வெற்றி’ என்று எதனைக் கூறுமோ, அதனுள் ஒன்றும் குறைவில்லை.

அவ்வேளையில்தான் அவர்கள் தம்மை நோக்கி ஒரு கேள்வி கேட்டார்கள்: நான் போதிப்பது எதற்காக? கிடைத்த விடை அவர்களைத் திடுக்கிட வைத்தது. இறைவனுடைய உவப்புக்காக என்று தாம் எண்ணியிருந்த பணியின் அடியில் புகழாசையும் பதவியாசையும் வேரோடியிருப்பதை அவர்கள் கண்டார்கள். இடிந்து விழும் ஆற்றங்கரையின் விளிம்பில் நிற்பவனாகத் தம்மை உணர்ந்தார்கள்.

உணர்ந்த மாத்திரத்தில் துறந்து விட்டார்களா? இல்லை. ஹிஜ்ரி 488 ரஜபு மாதம் (கி.பி. 1095) தொடங்கி ஏறத்தாழ ஆறு மாதங்கள் தடுமாறினார்கள். காலையில் புறப்படத் துணிவார்கள்; மாலையில் ஆசைகள் படையெடுத்து அத்துணிவைக் கலைத்துவிடும். இறுதியில் நாவே கட்டுண்டது. மாணவர்களின் மனநிறைவுக்காக ஒரு நாளேனும் பாடம் நடத்த முயன்றும் ஒரு சொல்லும் எழவில்லை. உணவு செரிக்கவில்லை, உடல் நலிந்தது. நோய் உள்ளத்தில் தோன்றி உடலுக்குப் பரவியது என்று கூறி மருத்துவர்கள் கைவிட்டனர். எந்த நாவினால் புகழ் வந்ததோ, அந்த நாவே அடைபட்டது!

மக்களுக்குப் போதுமான அளவை ஒதுக்கிவிட்டு, எஞ்சிய செல்வத்தைப் பங்கிட்டுக் கொடுத்துவிட்டுப் பக்தாதை விட்டு வெளியேறினார்கள். திமிஷ்கு நகரில் ஏறத்தாழ ஈராண்டுகள் தனித்திருந்தார்கள். பகற்பொழுதில் அந்நகரப் பெரிய பள்ளிவாசலின் மினாராவில் ஏறிக் கதவை அடைத்துக் கொள்வார்கள். பின்னர் பைத்துல் முகத்தஸ் சென்றார்கள். இப்றாஹீம் நபி (அலை) அவர்களின் அடக்கத்தலத்தில் நின்று, இனி அரசரை நாடிச் செல்வதில்லை, அரசர் பொருளை ஏற்பதில்லை, வாதப் போர் புரிவதில்லை என உறுதி பூண்டார்கள். ஹஜ்ஜையும் நிறைவேற்றினார்கள். பிள்ளைகளின் அழைப்பு அவர்களைப் பின்னர்த் தாயகத்திற்கு ஈர்த்தது. குடும்பக் கவலையும் பிழைப்பின் தேவையும் தனிமையின் தூய்மையை அடிக்கடி கலைத்தன என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. ‘இஹ்யா உலூமித்தீன்’ என்னும் பெருநூல் இவ்வாண்டுகளின் கனியே.

இவ்வளவோடு கதை முடிந்திருந்தால், ‘துன்புற்றார், துறந்தார், தெளிந்தார்’ என்று கூறி நாம் நிறைவுற்றிருக்கலாம். ஆனால் இமாமவர்களின் பெருமை இதற்குப் பிறகே தொடங்குகிறது என்பது என் கருத்து.

11 ஆண்டுகள் கழிந்தன. மக்களின் நம்பிக்கை தளர்ந்து வருவதை அவர்கள் கண்டார்கள். நைசாபூர் சென்று மீண்டும் போதிக்குமாறு ஆட்சியாளரிடமிருந்து கட்டளையும் வந்தது. ‘தனித்திருக்க எனக்கு அனுமதி உண்டு’ என்று அவர்கள் சொல்லியிருக்கலாம். முன்னர் பூண்ட உறுதியையும் காரணம் காட்டியிருக்கலாம். மாறாக, பக்தாதில் தம் பதவியை நோக்கிக் கேட்ட அதே கேள்வியை இப்போது தம் தனிமையை நோக்கிக் கேட்டார்கள்: நான் ஒதுங்கியிருப்பது எதற்காக? சோம்பலும், சுகமும், பிறரால் வரும் தொல்லைக்கு அஞ்சும் அச்சமும் அத்தனிமையில் கலந்துவிடலாகாது என்று தம்மையே எச்சரித்தார்கள். உள்ளத் தூய்மை மிக்க பெரியார்களிடமும் ஆலோசித்தார்கள். ஹிஜ்ரி 499-இல் (கி.பி. 1106) நைசாபூர் சென்று போதனையைத் தொடங்கினார்கள்.

விலகச் செய்ததும் மீளச் செய்ததும் ஒரே கேள்விதான்! துன்பத்திலிருந்து தப்பி நாம் புகும் அடைக்கலமும் காலப்போக்கில் நம்மைச் சிறைப்படுத்தக் கூடும். நம்பிக்கைத் துரோகத்திற்கு ஆளானவர், ‘இனி எவரிடமும் பழகேன்’ என்கிறார். அது முதலில் காயத்திற்கு இட்ட கட்டு. ஆறிய பின்னும் அவிழ்க்காத கட்டு அங்கத்தையே முடமாக்கிவிடும் அன்றோ?

தாம் முன்பு செய்த தொழிலுக்கே திரும்பியதாக வெளித்தோற்றத்தில் தெரியினும், உண்மையில் திரும்பவில்லை என்று இமாமவர்கள் விளக்குகிறார்கள். முன்னர் பதவியைத் தேடித் தரும் கல்வியைப் போதித்தார்களாம். பின்னர் பதவியைத் துறக்கச் செய்யும் கல்வியைப் போதித்தார்களாம். பணி அதுவே, நிய்யத்து வேறு.

இதனை அவர்கள் சொன்னால் போதுமா? தன் மாற்றத்திற்குத் தானே சாட்சியாதல் எளிது. இங்கே நமக்கு வேறொரு சாட்சியும் கிடைக்கிறது. அப்துல் காஃபிர் அல் ஃபாரிஸீ என்பார் நைசாபூரைச் சேர்ந்த வரலாற்றாசிரியர்; இமாமவர்களின் காலத்தவர். முற்காலத்தில் இமாமவர்களிடம் தம் அறிவைப் பற்றிய செருக்கும் பிறரை இகழும் கடுமையும் இருந்ததை அவர் அறிவார். ஆகவே, பின்னாளைய பணிவு வெறும் போர்வையென்றே ஐயுற்றார். பன்முறை நேரிற் சென்று பழகி ஆராய்ந்த பிறகே, அது உண்மை என ஒப்பினார். நாம் மாறிவிட்டோமா என்பதை நம் வீட்டாரும், நம்மிடம் வேலை செய்வோரும், நம் கடுஞ்சொல்லை முன்பு தாங்கியவர்களும் அல்லவா கூறவேண்டும்?

‘எங்களுக்கு மினாராவும் இல்லை, 11 ஆண்டு அவகாசமும் இல்லை, கடையையும் பிள்ளைகளையும் யார் பார்ப்பது?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வியே. இமாமவர்களின் விடை ‘இஹ்யா’வில் உள்ளது. நாற்பது பாகங்கள் கொண்ட அந்நூலின் முப்பத்தெட்டாம் பாகம் மனக் கண்காணிப்பையும் கணக்கெடுப்பையும் பற்றியது. கூட்டு வணிகம் செய்பவன் தன் பங்காளியிடம் முதலில் நிபந்தனை பேசுகிறான், இடையில் கவனிக்கிறான், இறுதியில் கணக்குக் கேட்கிறான். அவ்வாறே மனிதன் காலையில் தன் மனத்தோடு ஒப்பந்தம் செய்து, மாலையில் கணக்கை வாங்க வேண்டும் என்கிறார்கள். இதற்கு ஊர்விட்டு ஊர் செல்லத் தேவையில்லை. கடை அடைத்தபின் கால் நாழிகை போதும்.

நைசாபூரில் சில காலமே போதித்த இமாமவர்கள் தூஸுக்கே திரும்பி, தம் இல்லத்தருகே மாணவர்க்கொரு மதரஸாவும் ஸூஃபிகளுக்கொரு தங்குமிடமும் அமைத்து வாழ்ந்து, 1111-ஆம் ஆண்டு டிசம்பரில் மறைந்தார்கள். முந்நூறு பேர் சூழ்ந்த பக்தாதை விட அவை சிறிய அவைதான். அங்கே அவர்களின் நாவு கட்டுண்டதாக எவரும் கூறவில்லை.