ஊர் வளர்த்த பிள்ளை

ஒரு விளையாட்டு வீரனை ஓர் ஊர் வளர்க்கிறது. சிறுவனாய் வெறுங்காலோடு அவன் பந்தை உதைத்த நாளில் அது கைதட்டுகிறது. அவன் அடித்த முதல் கோலை ஆண்டுக்கணக்கில் தேநீர்க் கடையில் பேசி மகிழ்கிறது. பின்னொரு நாள் அவன் வேறோர் ஊரின் சட்டையை அணிந்துகொள்கிறான். உடனே அதே ஊர் அவனை நன்றி கெட்டவன் என்று ஏசுகிறது. இந்த ஏச்சுக்கு அறத்தின் முன் இடமுண்டா? கைதட்டியவனுக்கு ஆடியவன்மீது உரிமை உண்டா? அற்பமான கேள்வியாகத் தோன்றினும் இது அன்பின் இயல்பைப் பற்றிய கேள்வி. ஆதலால் நாம் நின்று சிந்திக்கத் தக்கது.

அமெரிக்க நாட்டில் கால்பந்து என்று அழைக்கப்படுவது பந்தைக் கையில் ஏந்தி ஓடும் வேறோர் ஆட்டம். அங்கே பள்ளி இறுதியாண்டு மாணவர்களைக் கல்லூரிகள் போட்டியிட்டுத் தம் அணிகளுக்கு அழைக்கின்றன. மாணவர் சிலர் மேசைமீது பல கல்லூரிகளின் தொப்பிகளை வரிசையாக வைத்து, ஒன்றை எடுத்துத் தலையில் அணிந்து தம் முடிவை அறிவிப்பார்கள். சொந்த மாநிலத்துக் கல்லூரியை விடுத்து வெளிமாநிலத்துக் கல்லூரியின் தொப்பியை எடுத்தால், வாழ்த்துகளோடு வசைமொழிகளும் வந்து குவிகின்றன. ஏசுகிறவர்கள் குடும்பம் நடத்தும் பெரியவர்கள். ஏச்சு வாங்குகிறவனோ பதினேழு, பதினெட்டு வயதுப் பிள்ளை. படிக்கப்போகும் இடத்தைத் தேர்ந்தெடுத்ததே அவன் செய்த குற்றம்!

இது அமெரிக்கருக்கு மட்டும் உரிய நோயன்று. போர்த்துக்கல் நாட்டு வீரர் லூயிஸ் ஃபிகோ 2000-ஆம் ஆண்டில் பார்சிலோனா அணியை விட்டு, அதன் பரம எதிரியான ரியல் மாட்ரிட் அணிக்குச் சென்றார். 2002 நவம்பரில் அவர் பார்சிலோனாவின் அரங்கில் ஆட வந்தபோது, புட்டிகளும் நாணயங்களும் பறந்து வந்தன. ஒரு பன்றியின் தலையே களத்தின் ஓரத்தில் வந்து விழுந்தது. நடுவர் ஆட்டத்தைச் சிறிது நேரம் நிறுத்திவைக்க நேர்ந்தது. முன்பு அவருக்காகத் தொண்டை வறளக் கத்திய அதே கூட்டம்தான் அன்று அப்படி நடந்துகொண்டது.

நம் தமிழ் மண்ணுக்கு வருவோம். கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், கேரள எல்லையை ஒட்டித் தூத்தூர், இரவிபுத்தன்துறை முதலிய கடலோரச் சிற்றூர்கள் உள்ளன. நம் மக்கள் நெருங்கி வாழும் ஊர்கள் அவை. மீன்பிடித் தொழிலுக்கு அடுத்தபடியாக அங்கே பேசப்படுவது கால்பந்து. சந்தோஷ் கோப்பைக்கான தமிழக அணிக்கு அந்தக் கடற்கரை வீரர் பலரைத் தந்திருக்கிறது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் 2017-18 பருவத்தில் சென்னை சிட்டி அணிக்காக ஐ-லீக் போட்டிகளில் ஆடிப் பெயர் பெற்றார். 2018-இல் ஜார்க்கண்டின் ஜாம்ஷெட்பூர் அணிக்கும், 2019-இல் கொல்கத்தாவின் ஏடிகே அணிக்கும் சென்றார். 2020 மார்ச் 14 அன்று கோவாவில் நடந்த இந்தியன் சூப்பர் லீக் இறுதியாட்டத்தில் ஏடிகே அணி வென்றது. அது 3-1 என்ற கணக்கில் வீழ்த்திய அணி எது? நம் சென்னையின் அணிதான். கொரோனாப் பரவலால் அன்று அரங்கில் இரசிகர் எவரும் அனுமதிக்கப்படவில்லை. ஆரவாரமும் இல்லை, ஏச்சும் இல்லை.

தமிழன் ஒருவன் தமிழகத் தலைநகரின் அணியை வென்ற அணியில் இருக்கலாமா என்று கேட்போர் இருக்கலாம். அவர்கள் இரண்டு செய்திகளை எண்ணிப் பார்க்கவேண்டும். முதலாவது, அவர் விட்டுச்சென்ற சென்னை சிட்டி அணி மறுபருவத்திலேயே, 2019 மார்ச்சில், கோயம்புத்தூரில் ஐ-லீக் பட்டத்தை வென்றது. ஒருவர் போனதால் அணி அழிந்துவிடவில்லை. ஆயினும் 2020-21 பருவத்திற்குப் பின் அந்த அணி ஐ-லீக்கில் ஆடவில்லை. வீரன் அணியை விட்டுப் போவதுண்டு. அணியும் வீரனை விட்டுப் போவதுண்டு. இரண்டாவது, 2020 நவம்பர் 20 அன்று, புதிய பருவத்தின் முதல் ஆட்டத்தின் தொடக்க நிமிடங்களிலேயே சூசைராஜ் காயமுற்றுக் களத்தை விட்டு வெளியேறினார். நன்றாக ஆடும் காலம் ஒரு வீரனுக்குப் பத்தாண்டுக்கு மேல் நிலைப்பது அரிது. அதுவும் ஒரு நொடியில் முடிந்துபோகலாம். அந்த வலியை எந்த இரசிகனும் பங்கிட்டுக்கொள்ள இயலாது. இழப்பில் பங்கு கொள்ள முடியாதவன் முடிவில் மட்டும் பங்கு கேட்பது எந்த நியாயத்தைச் சேர்ந்தது?

அந்தக் கடலோர ஊர்களின் ஆண்கள் விசைப்படகில் ஆழ்கடலுக்குச் சென்று வாரக்கணக்கில் தங்கி மீன்பிடிப்பவர்கள். பிற மாநிலத் துறைமுகங்களிலும் கரையேறுவார்கள். தொலைவு சென்றான் என்பதற்காக எந்தத் தாயும் தன் மகனைத் துரோகி என்று அழைத்ததில்லை. பிழைப்புக்காகக் கடல் கடந்தால் உழைப்பாளி, ஆட்டத்துக்காக மாநிலம் கடந்தால் துரோகியா?

ஆனால் இவ்வளவோடு நிறுத்தினால் ஊராருக்கு நாம் அநீதி செய்தவராவோம். பழனி மலைத்தொடரில் வாழ்கிறவர்களுக்கு அவர்களின் துயரம் நன்கு விளங்கும். பூம்பாறை, மன்னவனூர், கூக்கால், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என எந்த மலையூரை எடுத்துக்கொண்டாலும் ஒரே கதைதான். படியடுக்காய் வெட்டிய வயல்களுக்கு நடுவே, பந்து உருண்டு பள்ளத்தில் விழாத ஒரு துண்டுச் சமநிலம் கிடைப்பதே அரிது. 1984-இல் நிறுவப்பட்ட அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் கொடைக்கானலிலேயே உண்டு. ஆயினும் மேற்படிப்பு, வேலை, விளையாட்டு விடுதி என்று வந்துவிட்டால், நம் இளைஞரில் மிகப் பலர் வத்தலக்குண்டு வழியாகவோ பழனி வழியாகவோ மலையிறங்கித்தான் ஆகவேண்டும். கோடையில் பல்லாயிரவர் ஏரியைக் காண மேலே வருகிறார்கள். நம் பிள்ளைகளோ கீழே போகிறார்கள். வருகிறவர் இரண்டு நாளில் திரும்பிவிடுவர், போகிறவர் திரும்புவதில்லை. திறமையுள்ள ஒருவன் போகும்போது, 'இங்கே இருப்பதற்கு இந்த ஊர் தகுதியற்றது' என்று அவன் சொல்லிவிட்டுப் போவதாகவே எஞ்சியிருப்பவர் காதில் விழுகிறது. கோபத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது. அது வெறும் பொறாமையன்று. கைவிடப்பட்டோம் என்ற அச்சம்.

இத்தகைய உணர்வுகளைப் பிரித்தறிவதற்குப் புனித தாமஸ் அக்குவினாஸ் நமக்கு நல்ல துணை. அன்பில் இருவகை உண்டு என்கிறார் அவர். ஒன்று, ஒரு பொருளை நமக்கு நன்மை பயப்பதாக விரும்புவது. மற்றொன்று, ஒருவருக்கு நன்மை உண்டாகவேண்டும் என்று அவர்பொருட்டே விரும்புவது. திராட்சை இரசத்தையும் குதிரையையும் நாம் விரும்புகிறோம். ஆனால் அவற்றோடு நட்புக் கொண்டிருக்கிறோம் என்று எவரும் சொல்வதில்லை. இரண்டாவது வகை மட்டுமே நட்பு எனும் பெயருக்கு உரியது. இவ்விரண்டும் நம் உள்ளத்தில் கலந்தே கிடக்கின்றன. பிள்ளை நம் ஊரில் ஆடி நமக்குப் புகழ் சேர்க்கும் வரையில் எது எந்த அன்பு என்று நமக்கே தெரிவதில்லை. அவன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பேருந்து ஏறும் நாளில்தான் தெரியவருகிறது. நாம் விரும்பியது அவனையா, அவனால் நமக்குக் கிடைத்த பெருமையையா?

பிறர் நன்மை கண்டு வருந்துவதிலும் அவர் வேறுபாடு காண்கிறார். பிறர் நன்மையால் நமக்குத் தீங்கு வருமோ என்று அஞ்சி வருந்துவது பொறாமையன்று. பிறருக்குள்ள நன்மை நமக்கு இல்லையே என்று வருந்துவதும் பொறாமையன்று. நற்பண்பைக் குறித்ததாயின் அது பாராட்டத்தக்க ஆர்வமே. பிறரின் நன்மை நம் பெருமையைக் குறைக்கிறது என்று வருந்துவதுதான் பொறாமை. ஆகவே, 'நம் ஊரில் ஒரு விளையாட்டுத் திடல் இல்லையே, ஒரு பயிற்சியாளர் இல்லையே, அதனால்தானே இவன் போகிறான்' என்று வருந்துகிறவர் பாவம் செய்கிறவர் அல்லர். அந்த வருத்தம் வேண்டும். அவனை இழுத்துப் பிடிக்காமல், அந்தக் குறையைத் தீர்க்க நம்மை எழுப்பும் வருத்தமாக அது இருக்கவேண்டும்.

லூக்கா நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தை இந்தக் கண்ணோடு படித்துப் பாருங்கள். நாசரேத்தும் ஒரு மலையூர்தான். தொழுகைக்கூடத்தில் இயேசு பேசியபோது முதலில் ஊரார் வியந்து பாராட்டினர். யோசேப்பின் மகன் என்று உறவும் கொண்டாடினர். ஆனால் அவர்கள் மனத்தில் ஒரு மனக்குறை இருந்ததை இயேசு அறிந்திருந்தார். கப்பர்நாகுமில் செய்தவற்றை உம் சொந்த ஊராகிய இங்கும் செய்யும் என்பதே அது. கடவுளின் கொடை ஊர் எல்லைக்குள் அடங்குவதில்லை என்பதை, சாரிபாத்துக் கைம்பெண்ணையும் சிரியா நாட்டு நாமானையும் சுட்டி அவர் உரைத்தபோது, பாராட்டு சீற்றமாக மாறியது. மலை உச்சியிலிருந்து அவரைத் தள்ளிவிடவே முயன்றனர். பாராட்டுக்கும் சீற்றத்துக்கும் இடையே ஒரு பொழுதுகூடக் கழியவில்லை. அன்று அவர்களை வெகுளச் செய்தது, தங்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ணிய ஒன்று பிறருக்கும் உரியது என்ற உண்மையே.

அப்படியானால், போகிறவனுக்கு ஊரிடம் கடன் எதுவும் இல்லையா? உண்டு. ஆனால் கடன்களிலும் வேறுபாடு உண்டு. பெல்ஜிய வீரர் பொஸ்மான், ஒப்பந்தம் முடிந்த பின்னும் தம்மை விட மறுத்த கழகத்துக்கு எதிராக வழக்காடினார். 1995 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த வீரனுக்கு விலை கேட்க இயலாது என்பது அதன் பொருள். உலகக் கால்பந்துக் கூட்டமைப்பான ஃபிஃபாவோ, ஒப்பந்தக் காலத்தில் ஒரு வீரர் விலைக்கு நாடு மாறினால் அத்தொகையில் 5 விழுக்காட்டை, 12 வயது முதல் 23 வயது வரை அவரைப் பயிற்றுவித்த கழகங்களுக்குப் பகிர்ந்தளிக்க விதி செய்திருக்கிறது. வளர்த்தவருக்குரிய கடனை அளந்து கொடுக்கலாம் என்பது அந்த விதியின் அடிப்படை. கடற்கரை மணலும் மலையூரின் பள்ளி முற்றமும் எந்தப் பதிவேட்டிலும் கழகமாக இல்லை; ஆதலால் அவற்றுக்கு எதுவும் வராது. அங்கே எஞ்சுவது நன்றிக்கடன் ஒன்றே. நன்றிக்கடன் உண்மையான கடன்தான். ஆயினும் வழக்குத் தொடுத்து வசூலிக்க இயலாதது. கேட்டு வாங்கிய நன்றி, நன்றியாய் இருப்பதில்லை. நாம் அளித்த கைதட்டலை வட்டியோடு திருப்பிக் கேட்டால், அது முதலிலிருந்தே அன்பளிப்பாய் இராமல் கைம்மாற்றாய் இருந்திருக்கிறது என்பதே பொருள்.

போகிறவனுக்கும் ஒரு சொல் உண்டு. திரும்பி வந்தே ஆகவேண்டும் என்பது கட்டாயமன்று. ஆனால் தான் எந்த மணலில் ஆடக் கற்றான் என்பதை மறைக்காமல் சொல்ல அவன் கடமைப்பட்டிருக்கிறான். விடுமுறைக்கு வரும்போது, அந்த மணலில் ஆடிக்கொண்டிருக்கும் சிறுவனோடு அரைமணி நேரம் பந்தாடவும் கடமைப்பட்டிருக்கிறான். இதை அவனுக்கு நினைவூட்டலாம், கட்டளையிட முடியாது.

ஊராருக்கோ வேறொரு வேலை காத்திருக்கிறது. ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்பார்கள் நம் பெரியோர். வளர்ந்தவன் எங்கே போனான் என்று ஏசிக்கொண்டிருக்கும் நேரத்தில், வளரவேண்டிய அடுத்தவன் வேலி ஓரத்தில் நிற்கிறான். அவனுக்குக் காலணி இல்லை. பந்தில் காற்று இல்லை. ஆடுவதற்கு இடம் இல்லை. பங்குப் பேரவையும் ஊர்ப் பஞ்சாயத்தும் பள்ளியும் கூடிப் பேசினால் ஒரு துண்டு நிலத்தைச் சமன்செய்ய முடியாதா? அதில் ஆடி வளர்கிறவனும் ஒரு நாள் மலையிறங்கிப் போகக்கூடும். போவான் என்று தெரிந்தே அந்த நிலத்தைச் சமன்செய்கிற ஊர்தான், தன் பிள்ளைகளை அவர்கள்பொருட்டே நேசிக்கிற ஊர்.