பணிவிடைக்குப் பங்கு உண்டா?

கொல்லிமலையில் செம்மேட்டுக்குச் செல்வோர் வல்வில் ஓரியின் சிலையைக் காண்பர். கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனுக்கு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழா எடுக்கிறது. கொடுத்தவனை மறவாமை நற்பண்பே. ஆயின், பொருளைக் கொடுத்தவனைப் போற்றும் நாம், தன் உறக்கத்தையும் இளமையையும் ஒரு நோயாளிக்குக் கொடுத்தவரை எவ்வாறு நினைவுகூர்கிறோம்?

அதே மலையில் நிகழ்ந்த ஒரு வாழ்வைக் காண்போம். இங்கிலாந்திலிருந்து வந்து, மலைமக்களுக்கு மருத்துவமும் கல்வியும் அளித்து அங்கேயே வாழ்ந்தவர்கள் ஜெஸ்ஸி பிராண்ட், ஈவ்லின் பிராண்ட் தம்பதியர். 1929 ஜூன் மாதத்தில், மலேரியாவின் கொடிய விளைவான கருநீர்க் காய்ச்சல் கணவரைப் பற்றியது. பிள்ளைகள் இருவரும் படிப்பிற்காகக் கடல் கடந்து இருந்தனர். மனைவி அருகிருந்து பேணியும் அவர் பிழைக்கவில்லை. ஈவ்லின் தம் பணியை விட்டு நீங்கினாரல்லர். பணி ஓய்வுக்குப் பின்னரும் முதிய வயதில் மலைக்கே திரும்பி, நோயாளரைத் தேடிச் சென்றார். 1974 டிசம்பரில், தமது 95ஆம் வயதில் மறைந்தார். கணவரின் கல்லறைக்கு அருகிலேயே அடக்கம் செய்யப்பட்டார். வேலூரில் தொழுநோயாளரின் கைகளுக்கு மறுவாழ்வளித்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட் அவர்தம் மகனே.

ஊருக்கு அவர் ஆற்றிய பணிகள் ஏடேறின. கணவரின் படுக்கையருகே விழித்திருந்த இரவுகளை அளந்தார் எவருமிலர். நம் இல்லங்களில் பணிவிடை செய்வோர் பலருக்கு இருப்பவையோ அத்தகைய இரவுகள் மட்டுமே. புண் வராமல் புரட்டிப் படுக்கவைத்த உடலில் தழும்பிராது. வேளை தவறாமல் மருந்தூட்டிய கைக்குச் சாட்சியும் இராது. செம்மையாகச் செய்யப்பட்ட பணிவிடை சுவடின்றி மறைவது அதன் இயல்பு.

“மகள்தானே, செய்யக் கடமைப்பட்டவள்தானே” என்பர் சிலர். கடமை என்பது உண்மையே. ஆனால் நால்வருக்குரிய கடமையை ஒருத்தி சுமக்கும்போது, மற்ற மூவரும் அவளுக்குக் கடன்பட்டவராகின்றனர். அக்கடனை மறைக்கவே கடமை என்னும் சொல் பெரும்பாலும் பயன்படுகிறது.

ஹிஜ்ரி 2இல் பத்ருப் போர் நிகழ்ந்தபோது, நோயுற்றிருந்த மனைவி ருகையா (ரலி) அவர்களைப் பேணும் பொருட்டு ஹஸ்ரத் உஸ்மான் (ரலி) அவர்கள் மதீனாவிலேயே தங்கினார்கள். அந்நோயிலேயே அம்மாதரசி மறைந்தார்கள். களம் காணாத அவர்களுக்குக் களம் கண்டவர்க்குரிய பங்கினைப் பெருமானார் (ஸல்) அவர்கள் அளித்தார்கள். ஆண்மகன் ஒருவர் மனைவியின் படுக்கையருகே இருந்தமை குறைவாகக் கருதப்படவில்லை என்பதும் சிந்திக்கத்தக்கது. அவர்களுக்குக் கிடைத்தது வெறும் புகழுரையன்று, பங்கு.

நாமோ பங்கினை விடுத்துப் புகழுரையை வைத்துக்கொண்டோம். பணிவிடை செய்தே முதுமையடைந்த பெண்மணி மவுத்தான பின், “பொறுமையின் வடிவம்” என்கிறோம். உயிரோடிருந்த நாளில் அவர் வேண்டியது ஓரிரவு உறக்கம். தம் முதுமைக்கு ஓர் ஆதரவு. செலவுக்குக் கேளாமல் கிடைக்கும் சிறு தொகை. இன்று நம் வீட்டில் அவ்விடத்தில் இருப்பவர் யார்? இன்றிரவு நோயாளியின் அருகே அவருக்குப் பதிலாக விழித்திருப்பவர் யார்? இறந்தவரை நினைவுகூரும் தகுதி அவ்வினாக்களுக்கு விடை சொல்பவர்க்கே உண்டு.