புதைத்த செம்பும் புதையாத செல்வமும்



புனே மாவட்டத்துச் சாகண் இன்று மோட்டார்த் தொழிற்சாலைகள் நிறைந்த ஊர். 1660ஆம் ஆண்டிலோ அது போர்க்களம். முகலாயத் தளபதி சாயிஸ்தாகான் அவ்வூர்க் கோட்டையை முற்றுகையிட, பிரங்கோஜி நரசாலா என்னும் கோட்டைத்தலைவர் ஏறக்குறைய இரண்டு மாதம் அதனைக் காத்து நின்றார். படைகள் இவ்வாறு வந்துபோகும் நாட்டில் ஏழைக் குடியானவனுக்குப் பெட்டகம் ஏது? தோட்டத்து மண்ணே அவனுக்குப் பெட்டகம். 1674இல் ராய்கட்டில் முடிசூடிய சிவாஜி வெளியிட்ட சிவராய் என்னும் செப்புக்காசு, அவருக்குப் பின்னரும் நெடுங்காலம் அந்நாட்டில் வழங்கியது. உழைத்துச் சேர்த்த அத்தகைய காசுகளைக் கலயத்திலிட்டுப் புதைத்தவன் மாண்டுபோவான். இடம் அறிந்தவர் எவரும் இரார். பின்னொரு நாள், வாழைக்குக் குழி தோண்டுகிறவனின் மண்வெட்டியில் பச்சைக் களிம்பேறிய செம்பு தட்டுப்படும்.

அக்கணத்தில் அவன் உள்ளம் என்ன சொல்லும்? "எவரும் பார்க்கவில்லை" என்று சொல்லும். சாகணுக்கு அண்மையிலுள்ள சிக்கலியில் மண் தோண்டியபோது கிடைத்த 216 பொற்காசுகள் அவ்வாறே மறைத்து வைக்கப்பட்டன. 2021ஆம் ஆண்டின் இறுதியில் போலீசார் அவற்றைக் கைப்பற்றினர். பத்து ரூபாய்க்கு மேற்பட்ட புதையலைக் கலெக்டருக்கு அறிவிக்க வேண்டுமென்பது 1878ஆம் ஆண்டுச் சட்டம். உரியவர் எவரும் இலரெனில் கண்டெடுத்தவனுக்கும் பங்கு உண்டு. மறைத்தவனோ அப்பங்கையும் இழந்து தண்டனைக்கும் உள்ளாவான். எனினும் நாம் சட்டத்திற்கு அஞ்சி மட்டும் நடப்பவரல்லர். கொடுக்கப்படாததைக் கொள்ளேன் என்று சீலம் ஏற்றவர்கள் நாம். வறியவன் கையில் செப்புக்காசு அகப்படும்போதே அச்சீலம் சோதிக்கப்படுகின்றது.

குத்தகபாடத்தில் நிதிகண்ட சூத்திரம் என்றொரு சிறு சூத்திரம் உண்டு. அரசதண்டம், கள்வர், கடன், பஞ்சம் ஆகியவற்றிற்கு உதவுமென்று ஒருவன் ஆழக் குழிதோண்டிப் பொருளைப் புதைக்கிறான். அப்பொருள் இடம்பெயரலாம், அவனே இடத்தை மறக்கலாம், பிடிக்காத உறவினர் தோண்டிச் செல்லலாம். தானம், சீலம், புலனடக்கம் ஆகியவற்றால் சேர்த்த நிதியோ எவராலும் கவரப்படாது. அவனைத் தொடர்ந்தே செல்லும் என்று அச்சூத்திரம் உரைக்கின்றது.

நமக்கு முன்னோர் வைத்துச்சென்ற நிலமில்லை, பொன்னில்லை என்று வருந்துவோர் நம்முள் உண்டு. அவர்கள் சாகணுக்கு அருகிலுள்ள தேகுரோடை நினைப்பாராக. 1954 டிசம்பர் 25ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் பகவானின் திருவுருவை நிறுவியது அங்கேதான். இரண்டாண்டுகள் கழித்து, நாகபுரியில் தாம் பெற்ற தம்மத்தை அவர் தமக்கென்று மறைத்துக்கொள்ளவில்லை. அன்றே இலட்சக்கணக்கானோர் கையில் கொடுத்தார். நாம் பெற்ற முதுசொம் அதுவே.

ஆதலின் மண்ணில் கிடைத்த காசை மறையாதிருப்போம். மனத்தில் கிடைத்த தம்மத்தையும் மறையாதிருப்போம். வழங்காத காசு களிம்பேறும். வழங்காத அறமும் அவ்வாறே. நம் பிள்ளைகளுக்கு நாம் வைத்துச்செல்லும் நிதி, தோண்டித் தேடவேண்டாத நிதியாகுக.

எல்லா உயிரும் நலமுறுக!