தெரியவில்லை என்றால் இல்லையா?

“செல்போனைப் பார்த்தாலே தலை வலிக்கிறது” என்று ஒருவர் சொன்னால் நம் வீடுகளில் இரண்டு பதில்கள் தயாராக இருக்கும். கண் பட்டிருக்கும், மிளகாய் சுற்றிப் போடு என்பார் பாட்டி. “எல்லாம் பிரமை, எனக்கு ஒன்றும் செய்யவில்லையே” என்பான் பொறியியல் படித்த பேரன். பாட்டி சொல்வதை மூடநம்பிக்கை என்கிறோம். பேரனை அறிவாளி என்கிறோம். இருவருமே சோதிக்காமல் தீர்ப்புச் சொன்னவர்கள்தாம். சொல்லப்போனால் பாட்டி ஒரு படி மேல். வலி இருக்கிறது என்றாவது ஒப்புக்கொண்டார்.

சோதிப்போம். செல்போன்களின் ஓஎல்இடி திரைகள் பலவற்றில் வெளிச்சத்தைக் குறைத்தால் திரை வேகமாக அணைந்து அணைந்து எரிகிறது. அணைந்திருக்கும் நேரம் கூடக் கூட, நமக்கு மங்கலாகத் தெரிகிறது. பெயர்பெற்ற மாடல்கள் பலவற்றில் இது நொடிக்கு 240 முறை நடக்கிறது. நொடிக்கு 90 முறையைத் தாண்டிய சிமிட்டலை நாம் சாதாரணமாக உணர்வதில்லை. ஆனால் நாம் உணராத வேகத்திலும் விழித்திரை அந்தத் துடிப்புக்கு மின்சமிக்ஞை எழுப்புவதை அளந்து பார்த்திருக்கிறார்கள். நீங்களும் பார்க்கலாம்: திரையை மங்கவைத்து, ஷட்டர் வேகம் கூட்டிய இன்னொரு போனின் கேமரா வழியே நோக்குங்கள். கருப்புப் பட்டைகள் ஓடும்.

சரி, அதற்கும் வலிக்கும் என்ன தொடர்பு? 1989இல் ஆய்வாளர் ஆர்னால்ட் வில்கின்ஸ் குழுவினர் பிரிட்டனில் ஓர் அலுவலகத்தில் சோதித்தார்கள். பழைய சோக் போட்ட டியூப்லைட் நொடிக்கு 100 முறை சிமிட்டும். எலக்ட்ரானிக் சோக் போட்டது ஏறக்குறைய 32,000 முறை. எது எது என்று ஊழியர்களுக்குச் சொல்லவில்லை. எலக்ட்ரானிக் சோக் விளக்கின் கீழ் தலைவலியும் கண்வலியும் பாதிக்கு மேல் குறைந்தன. எந்த விளக்கு என்றே தெரியாதவர்களுக்கு எங்கிருந்து வரும் பிரமை?

எல்இடி விளக்குகளுக்காக ஐஇஇஇ என்ற பொறியாளர் அமைப்பு 2015இல் ஒரு பரிந்துரை வெளியிட்டது. நொடிக்கு 240 துடிப்பு என்றால், ஒளியின் ஏற்றஇறக்கம் ஏறத்தாழ 19 சதவீதத்துக்குள் இருந்தால்தான் ஆபத்து குறைவு என்பது அதன் கணக்கு. ஒவ்வொரு துடிப்பிலும் ஏறக்குறைய முழுதாக அணைகிற திரை அந்த எல்லைக்குள் எப்படி வரும்?

எல்லாத் தலைவலிக்கும் திரையின் துடிப்பே காரணம் என்று நான் சொன்னால் அதுவும் மூடநம்பிக்கைதான். இமைக்க மறந்து வெறித்துப் பார்ப்பது, தூக்கம் கெடுவது, பவர் மாறிய கண்ணாடியை மாற்றாமல் இருப்பது என்று காரணங்கள் பல. எது என்று பிரித்தறியத்தான் சோதனை வேண்டும். நாமோ கடைக்கு ஓடி நீல ஒளியைத் தடுக்கும் ‘புளூ கட்’ கண்ணாடி வாங்குகிறோம். 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு, சாதாரணக் கண்ணாடியைவிட அது கண் அயர்ச்சியைக் குறைப்பதாகத் தெரியவில்லை என்று 2023இல் சொல்லிவிட்டது. ஆனாலும் விற்பனை நிற்கவில்லை. படித்தவன் கட்டும் தாயத்து அது. கையில் கட்டாமல் மூக்கில் மாட்டுகிறான்.

இன்னொரு வேடிக்கை. உங்கள் போனில் *#07# அழுத்துங்கள். உடல் அதிகபட்சம் எவ்வளவு கதிர்வீச்சை உள்வாங்கும் என்ற எண் பல போன்களில் வரும். இந்தியாவில் அதற்கு 2012 முதல் கிலோவுக்கு 1.6 வாட் என்ற வரம்பு உண்டு. கதிர்வீச்சுக்கு அஞ்சியவர்கள் ஊர் முழுக்க இருந்தார்கள், அரசு காதுகொடுத்தது. திரைத் துடிப்பால் தவிப்பவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்கு ‘பிரமை’ என்ற பட்டம்தான் மிச்சம். 2025இல் வந்த ஐபோன் 17இல் அந்தத் துடிப்பை நிறுத்த ஒரு தேர்வு இருக்கிறது. பிரமைக்கு எந்தக் கம்பெனியாவது பொத்தான் வைக்குமா?

உங்களுக்கு வலிக்கவில்லை என்பது உங்கள் கண்ணைப் பற்றிய செய்தி. அடுத்தவர் கண்ணுக்கு அது சான்றாகாது. தன் உடம்பையே அளவுகோலாக்கி உலகத்தை அளப்பவன், கடவுளை மறுத்தாலும் பகுத்தறிவுவாதி ஆகமாட்டான்.

கேமராவின் மெகாபிக்சலையும் பேட்டரியின் அளவையும் பெட்டியில் அச்சிடுபவர்களால், திரை நொடிக்கு எத்தனை முறை அணைகிறது என்ற ஒரு வரியை அச்சிட முடியாதா? தாராளமாக முடியும். கேட்பார் இல்லை. சொல்லாமல் மறைக்கிற கம்பெனியைவிட, கேட்காமலே தவணை கட்டுகிற நாம்தான் பெரிய பக்தர்கள்.