தனக்குத்தானே நடுவர்

நுவரெலியா நகரின் நடுவே, பிதுருதலாகலை மலையின் அடிவாரத்தில், 1889ஆம் ஆண்டு தொடக்கம் ஒரு கோல்ப் மைதானம் இருந்து வருகின்றது. ஆங்கிலேய இராணுவத்தினரும் தோட்டத்துரைமாரும் தம் ஓய்வுக்கென அமைத்துக்கொண்ட அப்புல்வெளியைக் காணாத மலையக மாணவர் இலர் எனலாம். அங்கு ஆடப்படும் ஆட்டத்தின் விதிகளை அறிந்தோரோ மிகச் சிலர். அவ்விதிகளுள் ஒன்று ஒழுக்கவியல் பயில்வோரின் கவனத்திற்குரியது. பிற ஆட்டங்களில் தவறு கண்டு ஊதல் ஊத ஒரு நடுவர் உடனிருப்பார். கோல்பில் ஆட்டக்காரர் தம் தவறைத் தாமே அறிவித்து, அதற்குரிய தண்டத்தைத் தாமே தம் கணக்கில் சேர்த்துக்கொள்ளல் வேண்டும்.

மனிதனின் சொல்லை நம்பி ஓர் ஆட்டத்தையே அமைத்தவர்கள் எல்லா மனிதரின் சொல்லையும் நம்பினார்களா? இல்லை. ஊதியமின்றி ஆடுபவன் கனவான்; ஊதியத்துக்கு ஆடுபவன் வேலையாள். இதுவே அக்காலத்துப் பாகுபாடு. ஜே. எச். டெய்லர் என்னும் ஆங்கிலேயர் 1871இல் டெவன் பகுதியின் நோர்தம் கிராமத்தில் ஏழைக் குடும்பமொன்றிற் பிறந்து, பிறர் மட்டைப்பையைச் சுமந்தே ஆட்டத்தைக் கற்றவர். 1894க்கும் 1913க்கும் இடையில் ஐந்து முறை பிரித்தானியப் பகிரங்கச் சுற்றை வென்றார். எனினும் அவரையொத்த தொழில்முறை ஆட்டக்காரர்க்குக் கழக மனைகளின் முன்வாயில் திறக்கவில்லை. 1920இல் இங்கிலாந்தின் டீல் மைதானத்தில் இதைக் கண்டு சினந்த அமெரிக்க ஆட்டக்காரர் வால்டர் ஹேகன், வாடகைக்கு அமர்த்திய சொகுசுக் காரொன்றைக் கழக மனையின் எதிரே நிறுத்தி, அதனையே தம் உடைமாற்றும் அறையாக்கிக்கொண்டார். கூலி வாங்குபவன் கூலிக்காகப் பொய்யும் சொல்வான் என்ற எண்ணம் இப்பாகுபாட்டின் அடியில் கிடந்தது.

இதற்குச் சான்றுபோலக் காட்டப்படுபவர் பொபி ஜோன்ஸ். 1925ஆம் ஆண்டு அமெரிக்கப் பகிரங்கச் சுற்றில், தாம் அடிக்க ஆயத்தமானபோது பந்து சற்றே அசைந்தது எனத் தாமே கூறி ஓரடித் தண்டத்தை ஏற்றார். வேறெவரும் அதனைக் காணவில்லை. அந்த ஓரடியே முதலிடத்தைச் சமநிலையாக்கியது. தொடர்ந்த தனியாட்டத்தில் அவர் தோற்றார். பாராட்டியவர்களிடம், வங்கியைக் கொள்ளையிடாமைக்காகவும் ஒருவனைப் பாராட்டுவீர்களோ என்ற கருத்துப்படப் பேசினார் என்பர். நல்ல சொல்தான். ஆயின் ஜோன்ஸ் வசதியான குடும்பத்தவர். ஊதியம் பெறாது ஆடியவர். அவர் இழந்தது கிண்ணம், சோறன்று.

ஆகவே ஊதியத்துக்கு ஆடும் ஒருவரின் வாழ்வில் இதே சோதனையைக் காணவேண்டியுள்ளது. 1974இல் இலண்டனிற் பிறந்த பிறையன் டேவிஸ் ஐரோப்பியச் சுற்றில் 2000, 2004ஆம் ஆண்டுகளில் இரு வெற்றிகள் பெற்றபின் அமெரிக்கச் சுற்றுக்குச் சென்றார். அங்கு ஒரு முறையேனும் முதலிடம் கிட்டவில்லை. 2010 ஏப்ரலில், தென் கரோலினாவின் ஹார்பர் டவுன் மைதானத்தில், இறுதிக் குழியிலே ஒரு நல்ல அடியால் ஜிம் பியூரிக்கைச் சமன்செய்து தனியாட்டத்துக்கு வந்தார். அவரது பந்து கரையோர நாணலிடையே வீழ்ந்தது. மட்டையைப் பின்னோக்கி ஓங்கியபோது காய்ந்த நாணற்றண்டு ஒன்றில் அது உராய்ந்தது. விதி அலுவலரை அவரே அழைத்தார். ஒளிப்பதிவை மெதுவாக ஓட்டிய பின்னரே பிறர் கண்களுக்கு அவ்வுராய்வு புலப்பட்டது. இரண்டடித் தண்டம், ஆட்டம் முடிந்தது. முதற்பரிசு 10,26,000 டொலர். டேவிஸ் பெற்றது 6,15,600. அமெரிக்கச் சுற்றில் வெற்றி என்பது அதன் பின்னரும் அவர்க்கு வாய்க்கவேயில்லை.

ஆறு இலட்சம் டொலருடன் வீடு திரும்புபவனுக்கு வாய்மை எளிதன்றோ என ஒருவர் வினவலாம். வினா நியாயமானதே, அதனை நான் முற்றாக மறுக்கவில்லை. ஆனால் நான்கு இலட்சத்துக்கு மேற்பட்ட தொகையும், வாழ்நாள் முழுதும் தேடிய வெற்றியும் ஒரு நாணற்றண்டில் தங்கியிருந்தன. அணிந்தவனைப் பிறர் கண்ணுக்கு மறைக்கும் மோதிரம் ஒன்றைப் பிளேட்டோ கதையாகக் கூறினார். அது கையிலிருக்க எவன் நேர்மையாளனாக இருப்பான் என்பது அக்கதையின் வினா. டேவிஸ் அம்மோதிரத்தைக் கழற்றி வைத்தார். அவர் ஊதியத்துக்கு ஆடுபவர். காய்ந்த தண்டைத் தொடுவது தவறென்ற அவ்விதியே 2019இல் தளர்த்தப்பட்டது என்பது வேறு கதை. விதி சரியோ பிழையோ, மட்டை தொட்டது உண்மை. அவர் உண்மையையே சொன்னார்.

இங்கு நாம் காணத் தவறும் செய்தி ஒன்றுண்டு. டேவிஸ் தம் நேர்மையை வெளிப்படுத்துவதற்கு முன்னரே அவரது ஆட்டம் அவரை நம்பியிருந்தது. நம்பப்பட்டதனாலேயே தம்மைத் தாமே தண்டிக்கும் வாய்ப்பு அவர்க்குக் கிடைத்தது. நம்பப்படாதவனுக்கு நேர்மையாளனாகத் தோன்றும் வாய்ப்பே இல்லை.

அம்மைதானத்துக்கு அப்பால், நுவரெலியாவைச் சூழ்ந்த தோட்டங்களில் கொழுந்து நிறுக்கும் இடத்தில் நின்று பார்த்தவர் இதனை எளிதில் உணர்வர். கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் கிலோக்கள் கழிக்கப்படுகின்றன. பறித்த பெண் தன் கணக்கைத் தானே சொல்லக் கேட்பாரில்லை. மழை பெய்தமைக்கும் தண்டம் அவளுக்கே. 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாவென வர்த்தமானியில் வந்த பின்னரும், குறித்த நிறை கொடாதவர்க்கு அரைப்பெயர் போடும் வழக்கம் பல தோட்டங்களில் நின்றுவிடவில்லை. கூலி என்ற சொல் ஊதியத்தைக் குறிப்பது. இம்மலைகளில் அது மனிதரின் பெயராயிற்று. பெயராகியதும் சந்தேகமும் உடன் ஒட்டிக்கொண்டது.

கண்காணிப்பு இல்லையேல் ஏமாற்று மலியும் என்பர். கோல்பிலும் கண்காணிப்பு உண்டு. ஒருவரின் அடிக்கணக்கைச் சக ஆட்டக்காரர் குறிப்பார். ஆடியவர் அதனைச் சரிபார்ப்பார். பின்னர் இருவரும் கையொப்பமிடுவர். இந்தியத் தொழில்முறைச் சுற்றில் ஆடிய நம் நாட்டவரான தங்கராஜா, பிரபாகரன், மிதுன் பெரேரா ஆகியோரின் கணக்கட்டைகளும் இவ்வாறே எழுதப்பட்டன. ஒரு கை எழுத, மற்றக் கை ஒப்புக்கொள்ளும் முறை அது. அதிலே எவர்க்கும் இழிவில்லை. வள்ளுவர் நடுவுநிலைமைக்குத் தராசையே உவமையாக்கினார். அவர் கண்ட தராசுக்கு இரு தட்டுகள் உண்டு. கொழுந்துத் தராசின் முகம் பறித்தவளின் பக்கமும் திரும்பியிருந்து, கழித்த கிலோவுக்கு நேரே அவளது கையொப்பமும் விழுமாயின், அவள் தன் கூடையில் ஈரம் எவ்வளவு என்று தானே சொல்லக்கூடும்.