முதல் நம்பிக்கையும் பாதக ஞானமும்

தொலைவில் எங்கோ ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலுள்ள நிரலைத் தன் எடிட்டரில் திறந்து திருத்த முற்படுகிறவனிடம், தொலைக் கணினியோடு பாதுகாப்பாக இணைத்துவைக்கும் எஸ்.எஸ்.எச். முதல் தடவை அந்தச் சர்வரின் சாவிக்குரிய ஒரு கைரேகையைக் காட்டி, இது இன்னாருடையதென்று நிச்சயிக்க இயலவில்லை, மேலே செல்லலாமா என்று கேட்கிறது. அவனும் பெரும்பாலும் அதை ஏறிட்டுப் பாராமலே 'யெஸ்' என்று தட்டிவிடுகிறான். 1995ஆம் ஆண்டு ஹெல்சிங்கித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வலையமைப்பில் கடவுச்சொற்கள் களவுபோனதை அடுத்து, அங்கிருந்த டாட்டு யுலோனென் இயற்றிய இந்த ஏற்பாடு, சந்தேகத்திலே பிறந்தும், ஆதாரமற்ற ஒரு விசுவாசத்தைக் கேட்டுக்கொண்டுதான் தன் காரியத்தைத் தொடங்குகிறது. இது அறிவுக்குப் பொருந்துமா?

பொருந்தாது என்பார் நியாய தரிசனத்தாரான நையாயிகர். ஒரு ஞானம் மெய்யென்று கொள்ள அதற்குப் புறம்பான வேறொரு சான்று வேண்டுமென்பது அவர் கொள்கை. இணையதளங்களின் சான்றிதழ் முறை ஏறக்குறைய அந்த மார்க்கமே: ஒன்றுக்கு மற்றொன்று ஜாமீன் நிற்க, அதற்கு வேறொன்று நிற்க, கடைசியில் கம்ப்யூட்டரோடு கூடவே வந்துவிட்ட மூலச் சான்றிதழில் போய் முட்டி நிற்கிறது, அதற்கு ஜாமீன் யார் என்று கேட்பாரில்லை. இவ்வாறு எங்கேனும் நிறுத்தாவிட்டால் முடிவின்றி நீளும் அனவஸ்தா தோஷத்தைச் சுட்டியே ஏழாம் நூற்றாண்டின் மீமாம்சகரான குமாரில பட்டர், ஞானம் தன்னளவிலேயே பிரமாணம், அதனை மறுக்கும் பாதக ஞானம் எழும்வரையிலோ, அது பிறந்த காரணத்தில் தோஷம் காணும்வரையிலோ அதைச் சந்தேகிக்க நியாயமில்லை என்று ஸ்லோகவார்த்திகத்தில் வாதித்தார். 'யெஸ்' என்று தட்டுகிறவன், தன்னை அறியாமலே குமாரில பட்டரின் வழிநிற்கும் பாட்ட மதஸ்தன்.

ஆனால் ஒரு நாள் எடிட்டர் இணைய மறுக்கிறது. டெர்மினலைத் திறந்தால், 'அட்' குறிகளால் வேலி கட்டிய எச்சரிக்கை, எதிரிலுள்ள இயந்திரத்தின் அடையாளம் மாறிவிட்டது, எவரேனும் இடையிலிருந்து ஒட்டுக்கேட்கவும் கூடும் என்று சொல்லி, முன்பு 'யெஸ்' என்றபோது பதிவாகி இப்போது முரண்படும் பழைய சாவி எந்தக் கோப்பில் எத்தனையாவது வரியில் இருக்கிறதென்பதையும் காட்டுகிறது. சர்வரில் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டிருப்பார்கள், அல்லது அந்த ஐ.பி. முகவரி வேறோர் இயந்திரத்துக்குப் போயிருக்கும். காரணம் பெரும்பாலும் இப்படி நிர்தோஷமானதே. அதனாலேயே நம்மவர் அவ்வரியை அழித்துவிட்டு மறுபடியும் 'யெஸ்' என்கிறார்கள். இதற்குக் குமாரிலரின் அனுமதி கிடையாது. பாதகம் எழுந்தபின் விசாரணை வேண்டும். அதுவும் மூன்று நான்கு ஞானங்களுக்கு மேல் செல்ல வேண்டியதில்லை என்று அவரே எல்லை வகுத்திருக்கிறார். நிர்வாகியைப் போனில் அழைத்து, சர்வரின் கன்ஸோலில் தெரியும் கைரேகையின் நாற்பத்துமூன்று எழுத்துக்களை வாசிக்கச் சொல்லி ஒத்துப்பார்ப்பது, அந்த எல்லைக்குள் அடங்கிய சிரமந்தான்.

இன்னுமொரு சிக்கல் உண்டு. சிப்பியை வெள்ளியென்று மயங்கியவனுக்குப் பின்னால் வந்த ஞானமே முன்னதை மறுக்கும், எஸ்.எஸ்.எச்.சோ முன்னே வந்த சாவிக்கே பலம் தருகிறது. முதல் நாளிலேயே வஞ்சகன் இடையில் புகுந்து தன் சாவியைத் தந்திருந்தால், அவன் விலகிய தினத்தில் மெய்யான சர்வரே வேஷதாரியாகத் தோன்றும். தொடக்கமே வலிது என்று நிலைநாட்ட அப்பய்ய தீட்சிதர் 'உபக்கிரம பராக்கிரமம்' என்றே ஒரு நூல் செய்தாரெனினும், அவருடைய விசாரம் வாக்கியப் பொருளைப் பற்றியது. இங்கே இரு சாவிகளில் எது மெய்யென்று டெர்மினலும் சொல்லாது, தீட்சிதரும் சொல்லார், போனை எடுக்கும் நிர்வாகிதான் சொல்ல வேண்டும்.