கருவியும் கடமையும்

ஒரு கலையைக் கற்க விரும்புவோன் அக்கலைக்குரிய கருவியைப் பேணவும் கற்க வேண்டுமா, அன்றி அது வேறொருவர் தொழிலா என்னும் வினா மிகப் பழமையானது. ஓவியம் பயில்வோன் தூரிகையைக் கழுவுதல் ஓவியக் கலையைச் சேர்ந்ததா? சமையற்காரர் கத்தியைத் தீட்டுதல் சமையலில் ஒரு பகுதியா? இவற்றுக்கு ஆம் என்று விடையிறுத்தல் எளிது. ஆனால் அந்த ஆம் என்பதன்படி நடத்தல் அத்துணை எளிதன்று. பேஸ் கித்தார் பயில வரும் ஓர் இளைஞனை எண்ணிப் பார்க்கலாம். அவன் உள்ளத்தில் ஒரு பாடல் ஒலித்துக்கொண்டிருக்கிறது. அதனை அன்றைக்கே வாசித்துவிட வேண்டும் என்னும் துடிப்போடு அவன் வருகிறான். ஆசிரியரோ ஒரு பருத்தித் துணியை அவன் கையில் கொடுத்து, தந்திகளைத் துடைக்கச் சொல்கிறார். பின்னர்ச் சுருதி கூட்டச் சொல்கிறார். முதல் நாள் அவ்வளவோடு முடிகிறது. இளைஞன் ஏமாற்றத்தோடு வீடு திரும்புகிறான். இங்கே பிழை யாருடையது?

பேஸ் கித்தார் தோன்றிய வரலாறே இவ்வினாவுக்கு ஒருவகை விடையாக அமைந்திருக்கிறது. அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் புல்லர்ட்டன் என்னும் ஊரில் வானொலிப் பெட்டிகளைப் பழுதுபார்த்து வந்தவர் லியோ ஃபெண்டர். 1951ஆம் ஆண்டு அவருடைய பட்டறையிலிருந்து 'பிரிசிஷன் பேஸ்' என்னும் கருவி வெளிவந்தது. அதுவரை இசைக்குழுக்களில் தாழ்ந்த சுருதியை ஒலித்து வந்தது ஆளுயர டபுள் பேஸ். அதனைத் தூக்கிச் செல்வது கடினம். பிற கருவிகளின் ஆரவாரத்தில் அதன் ஒலி அமுங்கிப் போகும். அதன் கழுத்தில் மெட்டுகள் இல்லாமையால் சரியான சுரத்தில் விரலை வைக்க நெடுநாள் பயிற்சி வேண்டும். ஃபெண்டர் அக்கருவியைச் சுருக்கித் தோளில் மாட்டும்படி செய்தார். வீணையில் இருப்பதைப் போல மெட்டுகளைப் பதித்தார். தந்தியின் அதிர்வை மின்னாக மாற்றி ஒலிபெருக்கிக்கு அனுப்பினார். மெட்டுகளால் சுரம் துல்லியமாக விழுவதனால்தான் அதற்குத் துல்லியம் எனப் பொருள்படும் பெயர் வந்தது. இதில் வியப்பு என்னவெனில், இத்தகைய கருவியைப் படைத்த ஃபெண்டருக்குக் கித்தார் வாசிக்கத் தெரியாது! அவர் வாசிப்பவர்களிடம் கேட்டுக் கேட்டுக் கருவியைத் திருத்தியவர். கழுத்தை உடலோடு பசையிட்டு ஒட்டாமல் நான்கு திருகாணிகளால் பூட்டினார். பழுதானால் கழற்றி மாற்றிக்கொள்ளலாம் அல்லவா? கருவி ஒருநாள் பழுதாகும் என்பதை முன்னரே ஏற்றுக்கொண்டு அதனைச் செய்த மனம், பழுதுபார்த்துப் பழகியவரின் மனமேயாகும்.

பழுது எங்கிருந்து வருகிறது? பெரும்பாலும் கருவியின் உள்ளிருந்தே வருகிறது. பேஸ் கித்தாரின் நான்கு தந்திகளும் சேர்ந்து அதன் கழுத்தை ஏறத்தாழ 70 கிலோ எடைக்குரிய விசையோடு ஓயாமல் இழுத்துக்கொண்டிருக்கின்றன. வாசிக்காத வேளையிலும், உறைக்குள் வைத்திருக்கும்போதும் இந்த இழுவை நிற்பதில்லை. இதனைத் தாங்குவதற்காகக் கழுத்தின் உள்ளே ஓர் எஃகுக் கம்பி செல்கிறது. அதனை முறுக்கினால் வளைந்த கழுத்து நிமிரும். தளர்த்தினால் தந்திகளின் இழுவைக்கு இணங்கி முன்புறம் வளையும். ஒரு தடவைக்குக் கால் திருகுக்கு மேல் திருப்பலாகாது என்பது பட்டறைகளில் வழங்கும் விதி. திருப்பிய பின்னர் மரம் தன் நிலைக்கு வருமட்டும் பொறுத்திருந்து பார்க்க வேண்டும். மலேசியா, சிங்கப்பூர் போன்ற ஈரக்காற்று மிகுந்த நாடுகளில் இந்தப் பொறுமை இன்னும் கூடுதலாக வேண்டும். மரம் ஈரத்தை உண்டு பருக்கும். குளிரூட்டப்பட்ட அறையில் அதனை இழந்து சுருங்கும். வெளியிலிருந்து அரங்குக்குள் கொண்டு செல்லப்பட்ட கருவி, ஒரு மணி நேரத்தில் சுருதி மாறிப் போயிருத்தல் புதுமையன்று.

மற்றொரு செய்தியும் இங்கே குறிப்பிடத்தக்கது. முற்றிலும் நேரான கழுத்தே நல்ல கழுத்து என்று புதிதாகக் கற்போர் எண்ணுவர். அவ்வாறன்று. அதிரும் தந்தி ஊசலாட இடம் வேண்டும். ஆகவே பெரும்பாலான கருவிகளில் அரை மில்லிமீட்டருக்கும் குறைவான ஒரு மெல்லிய வளைவை வேண்டுமென்றே விட்டுவைப்பர். அவ்வளைவு இல்லையேல் தந்தி மெட்டுகளில் உரசி இரைச்சலிடும்.

விரல்களின் வியர்வையும் கொழுப்பும் தந்தியின் சுருள்களுக்கிடையே படிந்து ஒலியை மங்கச் செய்கின்றன. ஆசிரியர் கொடுத்த துணியின் பயன் அதுதான். புதிய தந்தி வாங்க வசதியற்ற வாசிப்பாளர்கள், பழைய தந்திகளைக் கழற்றிக் கொதிநீரில் இட்டு அழுக்கு நீக்கி மீண்டும் பூட்டுவதுண்டு. சில நாட்களுக்கு ஒலி தெளிவாக இருக்கும். பிறகு பழையபடி மங்கிவிடும். வறுமை கற்பித்த இந்த வழியை எள்ளி நகையாடுவோர், கருவியை நேசிப்பவரல்லர், கடையை நேசிப்பவர்.

இனி, வாசிப்பின் அடிப்படைகளைக் காண்போம். நான்கு தந்திகளும் தாழ்ந்ததிலிருந்து உயர்ந்தது நோக்கி இ, ஏ, டி, ஜி என்னும் சுரங்களுக்குக் கூட்டப்படுகின்றன. ஒவ்வொரு தந்தியும் தனக்குக் கீழ்ச்சுருதியில் உள்ள தந்திக்கு நான்காம் சுரமாக, தமிழிசை வழக்கிற் சொன்னால் குரலுக்கு உழையாக, நிற்கிறது. இந்த ஒழுங்கினால் ஒரு நன்மை விளைகிறது. கழுத்தின் எவ்விடத்தில் ஒரு சுரத்தை அழுத்தினாலும், அடுத்த உயர்ந்த தந்தியில் இரண்டு மெட்டு தள்ளி அதன் இளி, அதாவது பஞ்சமம் கிடைக்கும். அதற்கும் அடுத்த தந்தியில் அதே மெட்டில் மேல்நிலைக் குரல் கிடைக்கும். கை ஒரு வடிவத்தைக் கற்றுக்கொண்டால் போதும். அவ்வடிவம் எல்லாச் சுருதிக்கும் பொருந்தும். குரலும் இளியும் அறிந்த மாணவன் பல எளிய பாடல்களுக்குத் துணை நிற்க இயலும்.

ஆயினும் துணை நிற்பது என்னும் சொல் அவனுடைய பொறுப்பைக் குறைத்துக் காட்டுகிறது. பியானோக்காரர் சி, இ, ஜி என்னும் மூன்று சுரங்களை ஒன்றாக ஒலிக்கிறார் எனக் கொள்வோம். கீழே பேஸ் கித்தார் 'சி' என்று ஒலித்தால் அது 'சி மேஜர்' என்னும் மகிழ்ச்சியான சுரக்கூட்டு. பியானோவின் விரல்கள் அப்படியே இருக்க, பேஸ் வாசிப்பவர் 'ஏ' என்னும் சுரத்தை ஒலித்தால் அதே கூட்டு 'ஏ மைனர் செவன்த்' ஆகிவிடுகிறது. ஒரு மெல்லிய ஏக்கம் அதில் வந்து சேர்கிறது. மேலே உள்ளோர் எதையும் மாற்றவில்லை. கீழே உள்ளவர் மாற்றிவிட்டார். கேட்போரில் பலர் மாற்றத்தை உணர்வர்; மாற்றியவரை அறியார்.

பிழைக்கும் இதுவே பொருந்தும். பேஸ் கித்தாரின் சுருதி சற்றே விலகியிருந்தால், கேட்போர் அக்கருவியைக் குறை கூறுவதில்லை. மிகத் தாழ்ந்த ஒலியில் உள்ள விலகலை இனங்காணப் பழகிய செவி வேண்டும். அவர்கள் காதுக்குப் பாடுபவரின் குரலே பிசகியதாகத் தோன்றும். ஒருவன் துடைக்காத, திருத்தாத கருவியின் பழி இன்னொருவர் தலையில் விழுகிறது. உயிரற்ற பொருளுக்கு மனிதன் கடமைப்பட்டவனா என்று வினவுவோர் உண்டு. மரத்துக்கும் எஃகுக்கும் எவரும் கடமைப்பட்டவரல்லர்தான். ஆனால் அக்கருவியின் மேல் நம்பிக்கை வைத்துக் குரலெடுக்கும் பாடகருக்கு அவன் கடமைப்பட்டிருக்கிறான். கருவியைப் பேணுதல் தனி ஒழுக்கமோ தூய்மைப் பழக்கமோ மட்டுமன்று. பிறர்க்குத் தீங்கு செய்யாமையும் ஆகும்.

பேணுதலும் கோட்பாடும் தனித்தனிப் பாடங்கள் அல்ல என்பதை மாணவன் பன்னிரண்டாம் மெட்டில் காண்கிறான். 34 அங்குலத் தந்தியின் சரிபாதி அங்கே இருக்கிறது. தந்தியைப் பாதியாக்கினால் சுரம் இருமடங்கு உயரும் என்பது பள்ளி மாணவரும் அறிந்த கோட்பாடு. அவ்விடத்தில் விரலால் இலேசாகத் தொட்டு மீட்டினால் ஓர் இனிய மணியொலி எழுகிறது. அழுத்தி மீட்டினால் அதே சுரம் வர வேண்டும். வருவதில்லை! அழுத்தும்போது தந்தி மிகச் சிறிதளவு நீண்டு இறுக்கம் பெறுவதால் சுரம் சற்றே உயர்ந்துவிடுகிறது. ஆகவே தந்தி தங்கியிருக்கும் குதிரையைத் திருகிச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, இரண்டு ஒலியும் ஒன்றாகும்வரை திருத்த வேண்டும். கோட்பாடு பொய்யன்று, தந்தியும் பொய் சொல்லவில்லை. இரண்டுக்கும் இடையேயுள்ள மயிரிழை வேறுபாட்டை ஒரு திருகுளியால் தீர்த்து வைப்பவன்தான் அக்கோட்பாட்டை உண்மையில் கற்றவன்.

சுருதி கூட்டுவதும் அத்தகையதே. ஒரு தந்தியின் ஐந்தாம் மெட்டை அழுத்தினால் அடுத்த தந்தியின் திறந்த சுரம் கிடைக்கும். இரண்டையும் ஒருங்கே மீட்டி, சற்று வேறுபட்டிருந்தால் ஒலி அலையலையாய்த் துடிப்பதைக் கேட்கலாம். 55 அதிர்வும் 54 அதிர்வும் சேர்ந்தால் நொடிக்கு ஒரு துடிப்பு. முறுக்காணியை மெல்லத் திருப்பத் திருப்பத் துடிப்பு நீண்டு, தளர்ந்து, அடங்கும். இத்துடிப்பை ஒருமுறை கேட்ட செவி பின்னர் அதைக் கேட்காமலிருக்க இயலாது. முதல் நாள் இளைஞன் கற்றது இதுதான். ஒன்றுமே கற்கவில்லை என்று எண்ணி அவன் வீடு திரும்பினான்.

இதுவரை கூறியவற்றுக்கு எதிராக ஒரு பெரிய சான்று நிற்கிறது. அதனை மறைத்துவிட்டு மேலே செல்வது நேர்மையாகாது. அமெரிக்காவின் டெட்ராயிட் நகரில் மோட்டவுன் இசைத்தட்டு நிறுவனத்தின் ஒலிப்பதிவுக் கூடத்தில் 1960களில் பேஸ் வாசித்தவர் ஜேம்ஸ் ஜேமர்சன். 1936ஆம் ஆண்டு பிறந்த இக்கருப்பினக் கலைஞர், சுப்ரீம்ஸ், டெம்ப்டேஷன்ஸ், ஃபோர் டாப்ஸ், மார்வின் கே முதலியோரின் புகழ்பெற்ற பாடல்கள் பலவற்றுக்கு அடித்தளம் இட்டவர். வலக்கையின் சுட்டுவிரல் ஒன்றாலேயே வாசித்தவர். புல்லர்ட்டனில் செய்யப்பட்ட 1962ஆம் ஆண்டுப் பிரிசிஷன் பேஸ்தான் அவருடைய கருவி. அவர் அதன் தந்திகளை மாற்றியதே இல்லை! அறுந்தால் மட்டும் மாற்றுவார். தந்தியில் படிந்த அழுக்கே தமது ஒலிக்குக் காரணம் என்பது அவர் கருத்து. தந்திகள் கழுத்திலிருந்து மிக உயரத்தில் நின்றன. பிறர் அக்கருவியை வாசிக்கத் திணறினர். ஆசிரியர் கொடுத்த துணிக்கு அவரிடம் வேலையே இல்லை.

இதைக் காட்டி, பேணுதல் வீண் என்று சோம்பேறிகள் மகிழக்கூடும். அவர்கள் ஒன்றை மறந்துவிடுகின்றனர். ஜேமர்சன் டபுள் பேஸில் பயின்று வந்தவர். உயர்ந்து நிற்கும் தடித்த தந்திகளுக்கு அவருடைய கை பழகியிருந்தது. மங்கிய, குறுகிய, மத்தளம் போன்ற ஒலியே அவருக்கு வேண்டியிருந்தது. எந்த அழுக்கு எந்த ஒலியைத் தருகிறது என்பதை அறிந்து, அதனை விட்டுவைத்தார். அறியாமையால் துடைக்காதவனும் அறிந்து துடைக்காதவரும் ஒரே வரிசையில் நிற்க முடியாது. எனினும், விதியைக் கற்பிக்கும் ஆசிரியர்கள் இவரை நினைவில் வைத்திருத்தல் நன்று. துணியைக் கொடுத்தவர், அது எதற்கென்று சொல்லாமல் விட்டால், மாணவன் துடைக்க மட்டுமே கற்பான்.

ஜேமர்சனின் வாழ்வில் இதனினும் கசப்பான ஒரு பாடம் உண்டு. அவர் வாசித்த இசைத்தட்டுகள் இலட்சக்கணக்கில் விற்பனையாயின. பாடியவர் பெயர் உலகெங்கும் பரவியது. பேஸ் வாசித்தவர் பெயரோ உறையில் இல்லை. 1971ஆம் ஆண்டு மார்வின் கேயின் இசைத்தட்டு ஒன்றில்தான் அவருடைய பெயர் அச்சேறியது. அடித்தளம் கண்ணுக்குப் புலப்படாது, வேர் மண்ணுக்குள் மறைந்திருக்கும், உண்மைத் தொண்டு புகழை நாடாது என்றெல்லாம் மேடைகளில் பேசுவது இனிது. வேர் மறைந்திருப்பது இயற்கை. தொழிலாளியின் பெயர் மறைந்திருப்பது இயற்கையன்று. அதை ஒருவர் அச்சிடாமல் விட்டார். பணிவு என்பது உழைப்பவன் தானே மேற்கொள்ளும்போது பண்பு. அதனைப் பிறர் அவன்மேல் சுமத்தும்போது அது களவுக்கு இட்ட அழகிய பெயர். புகழப்படாமலே கடமையைச் செய்ய வேண்டும் என்று மாணவனுக்குக் கற்பிக்கும் பள்ளி, செய்தவனை இன்னான் என்று சொல்லும் கடமையையும் அதே மூச்சில் கற்பித்தாக வேண்டும்.

ஜேமர்சன் 1983ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் தமது 47ஆம் வயதில் மறைந்தார். 1989இல் அவரைப் பற்றிய நூலும், 2002இல் அவரும் அவருடைய தோழர்களும் ஆற்றிய பணியைப் பற்றிய திரைப்படமும் வெளிவந்தன. இடையே 2000ஆம் ஆண்டில், பக்கவாத்தியக் கலைஞர்களுக்கென அமெரிக்காவில் தொடங்கப்பட்ட ஒரு சிறப்புப் பிரிவில் அவர் பெயர் முதல் வரிசையில் சேர்க்கப்பட்டது. இவை எவற்றையும் காண அவர் இல்லை. அவர் இறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்னரே அந்த 1962ஆம் ஆண்டுக் கருவியும் களவு போயிற்று. எடுத்துச் சென்றவன் அதனை விற்கவோ வாசிக்கவோ எண்ணியிருந்தால், முதல் வேலையாக அந்தப் பழைய தந்திகளைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுத்தை நிமிர்த்தி, நன்றாகத் துடைத்து வைத்திருப்பான்.